பச்சை உடம்பு: பிள்ளை பெற்றபின் எடை, வயிறு, கண்ணாடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சுகப்பிரசவம், இளையவன் சிசேரியன். நான் டாக்டர் இல்லை. ஆனால் தங்கைகள், ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள், எதிர்வீட்டுப் பெண் என்று பலரும் பிள்ளை பெற்ற சில மாதங்களில் என்னிடம் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். குழந்தையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார்கள். கிளம்பும்போது, வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "அக்கா, இந்த வயிறு..." என்று ஆரம்பிப்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதியிருக்கிறேன். எனக்குப் புரியாததை மகப்பேறு டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நம் ஊரில் பிறந்த குழந்தையைப் "பச்ச மண்ணு" என்பார்கள், பெற்றவளைப் "பச்ச உடம்புக்காரி" என்பார்கள். இரண்டும் இன்னும் சூளையில் வேகாதவை, பார்த்துக் கையாள வேண்டியவை. அருமையான சொல் அது. ஆனால் அதை நாற்பது நாளோடு நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். நாற்பதாம் நாள் வரை "நல்லா சாப்பிடு, உடம்பு தேறணும்" என்ற அதே வாய், நான்காம் மாதத்தில் "என்னடி இப்படி ஊதிட்ட" என்கிறது.

பிள்ளை பிறந்தாச்சு. ஆனாலும் வயிறு ஆறு மாசம் மாதிரியே இருக்கே, ஏன்?

ஆஸ்பத்திரியில் மறுநாள் காலையில் எழுந்து நிற்கும்போது எல்லாருக்கும் வரும் அதிர்ச்சி இது. யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

குழந்தை வெளியே வந்ததும் கர்ப்பப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடையோடு தொப்புள் மட்டத்தில் நிற்கிறது. அது சுருங்கிச் சுருங்கி இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் இறங்கும். ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே வந்துவிடும். பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருக்கென்று இழுக்கிறதே, அது இந்த வேலைதான். பால் சுரக்க வைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனே கர்ப்பப்பையையும் சுருக்குகிறது. இரண்டாவது பிள்ளைக்கு அந்த வலி கூடுதலாகவே இருக்கும், பயப்படாதீர்கள்.

கர்ப்பப்பை சுருங்குவது ஒரு பக்கம். ஒன்பது மாதம் விரிந்த தோலும் தசையும் சுருங்குவது இன்னொரு பக்கம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

பிரசவத்தோடு எத்தனை கிலோ குறையும்?

ஐந்து ஆறு கிலோ. குழந்தை மூன்று கிலோ என்றால், நஞ்சுக்கொடி அரைக் கிலோ, பனிக்குட நீர், ரத்தம் எல்லாம் சேர்த்துத்தான் மீதி. அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பில் தேங்கிய நீர் சிறுநீராகவும் வேர்வையாகவும் வெளியேறும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும். இரவில் நைட்டி நனைய வேர்க்கிறதே என்று பதறுகிறவர்கள் உண்டு. அதுவும் இந்த நீர்தான்.

எத்தனை மாசத்துல பழைய உடம்பு வரும்?

கர்ப்பத்துக்கு முன் சரியான எடையில் இருந்த ஒரு பெண் கர்ப்பத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம் என்பது 2009 முதல் பல நாடுகளில் பின்பற்றப்படும் அமெரிக்கக் கணக்கு. நம் டாக்டர்கள் பெரும்பாலும் 10 முதல் 12 கிலோ என்பார்கள். கூடியதில் ஏறத்தாழ பாதி முதல் ஆறு வாரத்தில் போய்விடும். மீதி மெதுவாக, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இறங்கும். ஒரு வருடம் கழித்தும் ஒன்றிரண்டு கிலோ தங்கிவிடுவது மிக மிகச் சாதாரணம்.

எனக்கு முதல் பிரசவத்துக்கு முன் 54 கிலோ. நிறைமாதத்தில் 69. ஒரு வருடம் கழித்து 60. பிறகு 54 வரவே இல்லை. பல வருடம் அந்த எண்ணைத் துரத்திக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், 54 கிலோவில் இருந்தபோது எனக்கு ஹீமோகுளோபின் 9. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அந்த உடம்பையா திரும்பக் கேட்டேன்?

எடை பழையபடி ஆனாலும் வடிவம் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பு கொஞ்சம் அகன்றே இருக்கும், மார்பு மாறும், பாதம்கூடச் சிலருக்கு அரை சைஸ் பெரிதாகிவிடும்.

வயித்துல துணி கட்டாம விட்டுட்டேன். அதனாலதான் தொப்பையா?

இல்லை. பழைய காட்டன் சேலையைக் கிழித்து அடிவயிற்றில் இறுக்கிக் கட்டும் வழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. அது நிற்க, நடக்க, இருமத் தாங்கலாக இருக்கும். சிசேரியன் ஆனவர்களுக்கு வலியும் குறையும். ஆனால் துணி கொழுப்பைக் கரைக்காது, பிரிந்த தசையை ஒட்டவும் வைக்காது. மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கிப் போய் கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்குத்தான் கேடு. கடையில் விற்கும் பெல்ட்டுக்கும் இதே கதைதான்.

பலருக்குத் தொப்பை என்று தெரிவது கொழுப்பே இல்லை. வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு நீளத் தசைகள் உண்டு. வயிறு பெரிதாகும்போது நடுவில் இருக்கும் இணைப்பு விரிந்து இரண்டும் விலகிவிடும். வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் நடுவில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கும் அளவு இடைவெளி இருந்தால் தசை விலகல் இருக்கிறது என்று பொருள். முதல் எட்டு வாரத்தில் பலருக்குத் தானாகவே நன்றாகக் குறையும். அதற்கு மேலும் இருந்தால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. தொப்புள் பக்கம் கட்டிபோல் புடைத்து, இருமினால் பெரிதானால் அது குடலிறக்கமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இந்த விலகலோடு படுத்து எழும் சிட்-அப் பயிற்சி நூறு எடுத்தால் வயிறு இன்னும் புடைத்துக்கொண்டு வரும். என் சித்தி மகள் மூன்று மாதம் அப்படித்தான் பாடுபட்டாள். யாராவது அந்த விரல் பரிசோதனையை அவளுக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

தண்ணி நிறைய குடிச்சா வயிறு பெருத்துடும், தையல் சீழ் பிடிக்கும்னு சொல்றாங்களே?

இரண்டும் தவறு. பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் வேண்டும். தாகத்தோடு இருந்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரும், தலை வலிக்கும். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர்தான் தருவேன் என்று அம்மா சொன்னால் வெந்நீராகவே இருக்கட்டும், சண்டை வேண்டாம்.

பத்தியச் சாப்பாடும் லேகியமும்தான் என்னை குண்டாக்கிடுச்சா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. பத்தியத்தில் நல்லது நிறைய இருக்கிறது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பாசிப்பருப்பு, பால் சுறா புட்டு, கருவாடு எல்லாம் புரதமும் இரும்பும் சுண்ணாம்பும் தரக்கூடியவை. பச்சை உடம்புக்காரிக்கு யாரோ உட்கார்ந்து சமைத்துப் போடுகிறார்கள் என்பதே எவ்வளவு பெரிய விஷயம்.

சிக்கல் வருவது அளவில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் கூடுதலாக வேண்டும். 600 கலோரி என்றால் எவ்வளவு? மூன்று இட்லி, ஒரு கிண்ணம் பருப்பு, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு பிடி நிலக்கடலை. அவ்வளவுதான். ஒரு மேசைக்கரண்டி நெய்யிலேயே ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. லேகியத்தில் சுக்கும் மிளகும் திப்பிலியும் இருப்பது உண்மை. ஆனால் அதைத் திரட்டுவது கருப்பட்டியும் நெய்யும் நல்லெண்ணெயும். பாட்டி சொன்ன நெல்லிக்காய் அளவு சரி. எலுமிச்சை அளவில் மூன்று வேளை என்றால் எடை ஏறத்தான் செய்யும்.

இன்னொன்று, சில வீடுகளில் பத்தியம் என்று காய், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் மட்டும் போடுகிறார்கள். அதில் எடையும் ஏறும், சத்தும் வராது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல், அதாவது 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதே ஆய்வு பத்தில் நான்கு பெண்களுக்கு எடை அதிகம் என்றும் சொல்கிறது. ஒரே பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதை நம் வீடுகள் நம்புவதில்லை. குண்டாக இருப்பவளுக்கு என்ன சத்துக் குறைவு என்று கேட்டுவிடுகிறார்கள். டாக்டர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிடுங்கள்.

பால் கொடுத்தா இளைச்சிடுவேன்னாங்க. எனக்கு மட்டும் ஏன் இளைக்கல?

உங்களுக்கு மட்டும் இல்லை. பால் சுரக்க உடம்பு தினமும் ஏறத்தாழ 500 கலோரி செலவழிப்பது உண்மைதான். ஆனால் பசியும் அதற்கேற்ப எகிறும். இரவு மூன்று முறை எழுந்தவளுக்குத் தூக்கக் குறைவினால் பசி இன்னும் கூடும், அதுவும் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் தேடும். சிலருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகுதான் எடை இறங்கத் தொடங்கும். எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பால் கொடுக்காதீர்கள், குறையவில்லையே என்று பால் கொடுப்பதை நிறுத்தவும் வேண்டாம்.

டயட் இருந்தா பால் வத்திடுமா?

முதல் இரண்டு மாதம் எந்த டயட்டும் வேண்டாம். பால் வரத்து நிலைக்கும் காலம் அது. அதன்பின் வாரத்துக்கு அரைக் கிலோ போல மெதுவாக எடை இறங்கினால் பாலுக்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும் பாதிப்பு இல்லை என்று ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். தட்டில் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பொரியலும் பருப்பும் முட்டையோ மீனோ கூட்டிக்கொண்டாலே பெரும்பாலும் போதும். டீயோடு பிஸ்கட் பாக்கெட் காலியாகிறதே, அதை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

பால் கொடுக்கும் காலத்தில் கட்டாயம் வேண்டாம் என்பவை உண்டு. மாவுச்சத்தை ஏறக்குறைய முழுக்க நிறுத்தும் கீட்டோ டயட்டினால் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு ரத்தத்தில் அமிலம் ஏறி ஐ.சி.யூ. வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. "ஸ்லிம்மிங் டீ" என்று விற்பவற்றில் பல, நிலாவாரை போன்ற பேதி மருந்து சேர்ந்தவை. அதில் குறைவது நீர்தான், கொழுப்பு இல்லை. செமாக்ளூடைடு போன்ற வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசி பால் கொடுக்கும்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. வாட்ஸ்அப்பில் தெரிந்த அக்கா விற்கும் புரோட்டீன் பவுடர், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், டாக்டரிடம் டப்பாவைக் காட்டாமல் வாங்க வேண்டாம்.

எப்போ இருந்து உடற்பயிற்சி செய்யலாம்? எனக்கு சிசேரியன்.

நடை என்றால் ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பிக்கிறது. சிசேரியன் ஆன மறுநாளே எழுப்பி நடக்க விடுவது காலில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான். வீட்டுக்கு வந்தபின் வராந்தாவில் ஐந்து நிமிடம், அப்புறம் பத்து நிமிடம், அப்புறம் தெருமுனை வரை என்று கூட்டுங்கள். குழந்தையைவிடக் கனமான எதையும் ஆறு வாரம் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடம் கூடவே கூடாது. ஆறாவது வாரப் பரிசோதனையில் டாக்டர் சரி என்றபின் மற்ற பயிற்சிகள். ஓட்டம், குதிப்பதெல்லாம் மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிட நடை என்ற அளவை எட்டினால் போதும், அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்றில்லை.

தமிழ்நாட்டில் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன் என்று அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இவ்வளவு பேருக்கு வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறோம். ஆனால் அந்த வயிற்றை எப்படிப் பழையபடி பலப்படுத்துவது என்று சொல்லி அனுப்புவது அபூர்வமாக இருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டு வாங்குங்கள்.

சொல்லவே கூச்சமா இருக்கு. தும்மினா, சிரிச்சா சிறுநீர் கசியுது.

பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருக்கும் சிக்கல் இது. எல்லாரும் கூச்சப்பட்டு மறைப்பதால் நமக்கு மட்டும்தான் என்று தோன்றுகிறது. சிறுநீரைப் பாதியில் அடக்குவதுபோல அந்தத் தசைகளை உள்ளிழுத்து, ஐந்து எண்ணி, விட வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. பால் கொடுக்க உட்காரும்போது செய்துவிடலாம். (சிறுநீர் கழிக்கும்போது இதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள், எந்தத் தசை என்று கண்டுபிடிக்க ஒரு முறை செய்து பார்த்தால் போதும்.) மூன்று மாதம் செய்தும் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று ஆயுள் முழுக்கச் சகிக்க வேண்டிய விஷயம் இல்லை.

சிசேரியன் தழும்புக்கு மேல மடிப்பு தொங்குது. தொட்டா உணர்ச்சியே இல்ல.

அறுக்கும்போது தோலின் சிறு நரம்புகளும் அறுபடும். மரமரப்பு மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். தழும்பு அடியில் இறுகிப் பிடிப்பதால் அதற்கு மேலுள்ள தோலும் கொழுப்பும் மடிந்து தெரிகிறது. புண் முழுதாக ஆறியபின், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தழும்பை விரலால் மெதுவாகத் தேய்த்துவிடுவது கொஞ்சம் இளக்கம் தரும். மடிப்புக்குள் வேர்வை தங்காமல் துடைத்துக் காயவைத்தால் அரிப்பு வராது.

அந்த இடத்தைத் தொட எனக்கு எட்டு மாதம் ஆனது. குளிக்கும்போதுகூடக் குனிந்து பார்க்க மாட்டேன். இப்போது என் மகன் "இது வழியாவா நான் வந்தேன்?" என்று கேட்டு விரலை வைத்துப் பார்ப்பான்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினதாலதான் குண்டாயிட்டேன்னு மாமியார் சொல்றாங்க. உண்மையா?

உண்மை இல்லை. அந்த ஆபரேஷனில் கருமுட்டை போகும் குழாயை மட்டும்தான் கட்டி வெட்டுகிறார்கள். சினைப்பையைத் தொடுவதில்லை. ஹார்மோன் பழையபடியே சுரக்கும். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த ஆபரேஷன் செய்தவர்கள், அதுவும் பெரும்பாலும் கடைசிப் பிரசவத்தோடு சேர்த்தே. பிரசவத்தில் போட்ட எடையின் பழி ஆபரேஷன் மேல் விழுகிறது, அவ்வளவுதான். காப்பர்-டியிலும் ஹார்மோன் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் "அந்தரா" ஊசியில் மட்டும் சிலருக்கு எடை கூடலாம். அப்படி ஆனால் வேறு முறைக்கு மாறலாம், கேளுங்கள்.

நல்லாத்தான் சாப்பாட்டைக் குறைச்சிருக்கேன். ஆனாலும் எடை ஏறிட்டே போகுது.

அப்படியென்றால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் ஒரு வருடத்துக்குள் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி, முதலில் அதிகமாகச் சுரந்து, பின் குறைந்துவிடும். குறையும்போது எடை ஏறும், உடம்பு அசந்து கிடக்கும், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மனச்சோர்வு எல்லாம் வரும். "பிள்ளை பெத்தவ, டயர்டாத்தான் இருப்பா" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். விடக்கூடாது.

கர்ப்பத்தில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்களே, அதில் 140 அல்லது அதற்கு மேல் வந்ததா? அப்படி இருந்தால் பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும், பிறகு வருடம் தவறாமல். பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பெரும்பாலோர் இதை மறந்துவிடுகிறார்கள். கர்ப்ப காலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இந்தப் பக்கத்தில் எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இவர்களுக்குத்தான். நம் உடல்வாகுக்குப் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 23-க்கு மேல் போனாலே கவனம் தேவை என்பதுதான் இந்திய டாக்டர்களின் அளவுகோல்.

வயித்துக் கோடு, முடி கொட்டுறது?

கோடு தோலின் உள்ளடுக்கு விரிந்ததால் வந்தது. எந்தக் கிரீமும் அதை அழிக்காது, காலப்போக்கில் சிவப்பு மங்கி வெள்ளையாகும். முடி மூன்றாம் நான்காம் மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடிதான் மொத்தமாக விழுகிறது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடும்.

எல்லாரும் குண்டானதைப் பத்தியே பேசறீங்க. நான் எலும்பா போயிட்டேன்.

கேட்டதற்கு நன்றி. "இவளுக்குப் பால் வருமா", "புருஷன் வீட்ல சோறு போடறதில்லையா" என்று ஒல்லியானவளுக்கும் பேச்சு விழுகிறது. மார்பின் அளவுக்கும் உடம்பின் பருமனுக்கும் பால் அளவுக்கும் தொடர்பில்லை. குழந்தை சரியாக எடை கூடுகிறதா, நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்பதுதான் கணக்கு. ஆனால் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, வேகமாக இளைத்தால் அதுவும் தைராய்டாக இருக்கலாம், பார்த்துவிடுங்கள்.

பாக்கறவங்க எல்லாம் உடம்பைப் பத்தியே சொல்றாங்க. என்ன பதில் சொல்றது?

மூத்தவள் பிறந்து ஐந்தாம் மாதம். மதுரையில் டவுன் பஸ்ஸில் ஏறினேன். குழந்தையை அம்மாவிடம் விட்டிருந்தேன். ஒரு பெரியம்மா எழுந்து, "உட்காரு தாயி, எத்தனாவது மாசம்?" என்றார். அவர் மனசில் அன்பைத் தவிர ஒன்றும் இல்லை. "ஏழு" என்று சொல்லி உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதிலிருந்து ஒரு வருடம் நான் துப்பட்டாவை வயிற்றின் குறுக்கே போடாமல் வெளியே போனதில்லை.

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. வழியில் போகிறவர்களுக்குப் பதிலே வேண்டாம். வயதான உறவுகள் "உடம்பு போட்டுட்டியே" என்பது பல நேரம் "எப்படி இருக்க" என்பதன் இன்னொரு வடிவம். "ஆமா அத்தை, நீங்க எப்படி இருக்கீங்க" என்று கடந்துவிடலாம். ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு தினமும் சொல்பவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். நான் என் மாமியாரிடம் சொன்னது இதுதான்: "அத்தை, நீங்க சொல்றப்ப எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது. நான் சாப்பிடலன்னா புள்ளைக்குப் பால் இருக்காது." அன்றோடு நிறுத்திவிட்டார். அவருக்குத் தன் பேச்சு வலிக்கிறது என்றே தெரிந்திருக்கவில்லை. அவர் காலத்தில் அவரையும் அப்படித்தான் பேசியிருக்கிறார்கள்.

விசேஷத்தில் எல்லார் முன்னும் சொன்னால்? "புள்ள பொறந்து ஆறு மாசம்தான் ஆகுது சித்தி" என்ற ஒரே வரி போதும். மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லாதீர்கள். கூடவே, இன்னொரு பெண்ணைப் பார்க்கப் போகும்போது நாமும் அதைச் சொல்லாமல் இருக்கிறோமா என்று கவனிக்க வேண்டும். எனக்கும் வாய்வரை வந்துவிடும், அவ்வளவு ஊறிப்போன பழக்கம் அது.

என் மனைவி தினமும் இதைச் சொல்லி அழறா. நான் என்ன செய்யணும்?

"நீ அழகாத்தான் இருக்க" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொல்வதில் பயனில்லை, அண்ணா. காலையிலோ சாயங்காலமோ குழந்தையை முக்கால் மணி நேரம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் நடக்கப் போகட்டும், அல்லது சும்மா படுத்திருக்கட்டும். இரவில் பால் குடித்தபின் ஏப்பம் விடவைத்துத் தூங்கவைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கிடைத்தால் பாதிப் பசியும் பாதி அழுகையும் குறையும். உங்கள் அம்மாவோ அக்காவோ எடையைப் பற்றிப் பேசினால் நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான், அவரில்லை. உங்களுக்குக் கேலி என்று தோன்றுவது அவருக்குக் கேலி இல்லை. தாம்பத்தியத்துக்கு அவர் தயங்கினால் உங்கள் மேல் அன்பில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் உடம்பைத் தானே பார்க்கக் கூசுகிறவருக்கு இன்னொருவர் பார்ப்பது கடினம்.

கண்ணாடி பார்க்கவே பிடிக்கல. குழந்தையோட ஒரு போட்டோகூட எடுத்துக்கல. இது சாதாரணமா?

முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சலும் பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு, தானே அடங்கும். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால், எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் ஓயவில்லை என்றால், அது மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். நம்மைப்போன்ற நாடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு தாய்க்கு வருகிறது. சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, நாள்முழுக்கப் பட்டினி கிடப்பது, ஒரு நாளில் பலமுறை எடை பார்ப்பது இவையும் உதவி தேவை என்பதன் அடையாளம்தான்.

இதற்கு மருந்து இருக்கிறது, பேச்சு மூலமான சிகிச்சையும் இருக்கிறது. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. செத்துவிடலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ எண்ணம் வந்தால், நாள்கணக்கில் தூங்காமல் குழம்பிப் பேசினால், காதில் குரல் கேட்டால், அன்றே ஆஸ்பத்திரி. கோயில், மந்திரிப்பு எல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

போட்டோ பற்றி ஒன்று. என் மூத்தவளின் முதல் வருட ஆல்பத்தில் நான் இல்லை. என் கைகள் மட்டும் இருக்கின்றன, அவளைப் பிடித்தபடி. "அம்மா, அப்ப நீ எங்க இருந்த?" என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் பார்க்காமல் வைத்துவிடுங்கள்.

அடுத்த மாசம் தம்பி கல்யாணம். ஒரு பிளவுஸும் ஏறல. இளைக்க எதாவது குறுக்கு வழி?

ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகாது, முயல வேண்டாம். பிளவுஸைத் தையல்காரரிடம் கொண்டு போங்கள். முகூர்த்தப் பிளவுஸ்களில் பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருப்பார்கள். அதைப் பிரித்தால் இரண்டு அங்குலம் கிடைக்கும். கையில் பிடித்தால் அக்குளில் ஒரு துண்டு கொடுத்துத் தைக்கலாம். பால் கொடுக்க வசதியாக முன்கொக்கி இருக்கட்டும், ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் அத்தை என்ன நினைப்பாரோ என்று பின்கொக்கி வேண்டாம். அதுவும் போதாது என்றால் புதிதாக ஒன்று தைத்துக்கொள்ளுங்கள், இப்போதைய அளவு கொடுத்து. அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுக்காதீர்கள். நான் இழுத்தேன். எங்கள் தெரு தையல்கார அக்கா நாடாவைத் தளர்த்திவிட்டு, "மூச்ச விடும்மா, பந்தியில உக்காந்து சாப்பிடணும்ல" என்றார்.